ராமநாதபுரம் கரையில் ஆண்டு முழுமைக்கும் விழா, விரத நாட்களைக் குறித்துவைப்பது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. திருப்புல்லாணிப் பக்கம் குடியிருக்கும் எல்லோருக்கும் இது பழகிப்போன சங்கதிதான். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் உறவினர்கள் ஒவ்வொருவராக அழைத்து, அமாவாசை என்றைக்கு, எத்தனை மணிக்குத் தர்ப்பணத்துக்குரிய கடல்துறையான சேதுக்கரைக்கு வந்து சேரலாம் என்று கேட்பார்கள். ஒருமுறை என் அக்காள் மகன், “மாமா, அமாவாசை ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் பிறக்குதுன்னு காலண்டரில் போட்டிருக்கே, அப்போ எந்த நாளைக் கணக்குல எடுக்கிறது?” என்று கேட்டான். கேள்வி நியாயமானது. கிழிக்கும் காலண்டரில் ஒரு விரல் அகலக் கட்டத்திற்குள் திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், சூலம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றுள் எது எந்த விழாவைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் அதில் எழுதியிருக்காது.

ஒவ்வொரு விழாவுக்கும் இரண்டு விவரங்கள் தெரிந்தால் போதும். அந்த நாளை நிர்ணயிப்பது மாதத் தேதியா, திதியா, நட்சத்திரமா, கிழமையா என்பது ஒன்று. அது அன்றைய பொழுதின் எந்த வேளையில் நிலவ வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு பஞ்சாங்கம், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனாவுடன் உட்கார்ந்தால், ஒரு பிற்பகலுக்குள் வீட்டுக்கு வேண்டிய ஓராண்டு நாட்களைக் குறித்து முடித்துவிடலாம்.

முதல் வேலை: எந்தப் பஞ்சாங்கம்?

தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு கணக்குகள் நடைமுறையில் உள்ளன. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களின் வழியே நடப்பது; சந்திரனின் இருப்பைச் சொல்ல வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் அதற்கு அடிப்படை. 248 நாட்களில் சந்திரன் தன் வேக மாறுபாட்டின் ஒன்பது சுற்றுகளை ஏறத்தாழ முடித்துவிடுகிறது என்பதால் அந்த எண் வந்தது. திருக்கணிதம், வானத்தில் இன்று காணப்படும் நிலைக்கு ஒத்துவரும்படி திருத்தப்பட்ட கணக்கு. 1952-இல் மேகநாத சாஹா தலைமையில் மத்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இத்தகைய திருத்திய கணக்கையே பரிந்துரைத்தது. ஆயினும் தமிழகக் கோயில்களுள் மிகப் பெரும்பாலானவை வாக்கியத்தை விடவில்லை.

இரண்டுக்கும் இடையே திதியின் தொடக்கத்திலும் முடிவிலும் சில மணி நேர வேறுபாடு வரும். பெரும்பாலான மாதங்களில் அதனால் நாள் மாறிவிடாது. மாறும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் கிளம்புகிறது. மெதுவாக நகரும் கிரகங்களின் விஷயத்திலோ வேறுபாடு மாதக்கணக்கில் போய்விடும். சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்றும், வாக்கியப்படி 2023 டிசம்பர் 20 அன்றும் கொண்டாடினார்கள். கடலுக்குள் நவகிரகங்கள் நிற்கும் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குச் சனிப்பெயர்ச்சிக்கென்று வருபவர்களில் தேதி மாறி வந்து நிற்பவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்தக் கோயிலில் நீங்கள் வழிபடப் போகிறீர்களோ அந்தக் கோயில் பின்பற்றும் பஞ்சாங்கத்தையே விழாக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வீட்டுச் சிராத்தத்துக்கு உங்கள் குடும்பப் புரோகிதர் எதைப் பார்க்கிறாரோ அதையே பாருங்கள். இரண்டையும் கலந்து, வசதியான தேதியை மட்டும் பொறுக்கி எடுப்பது கூடாது. முன்னட்டையில் வாக்கியமா திருக்கணிதமா என்று அச்சிட்டிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்து வாங்குங்கள்.

பஞ்சாங்கத்தில் நேரம் நாழிகையில் இருந்தால் மிரள வேண்டாம். ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. எண்ணிக்கை சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது, நள்ளிரவிலிருந்து அல்ல. “சதுர்த்தசி 27-30” என்று இருந்தால், உதயத்திற்குப் பின் 27 நாழிகை 30 விநாழிகை வரை, அதாவது 11 மணி நேரம் வரை சதுர்த்தசி உண்டு என்று பொருள். அன்று உதயம் 6.10 என்றால் மாலை 5.10 வரை சதுர்த்தசி, அதன் பிறகு அடுத்த திதி.

இரண்டாவது வேலை: சூரியனின் நாட்கள்

தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. சூரியன் மேஷ ராசியில் புகும்போது சித்திரை பிறக்கிறது, கடகத்தில் புகும்போது ஆடி, மகரத்தில் புகும்போது தை. அஸ்தமனத்திற்கு முன் புகுந்தால் அன்றே மாதத்தின் முதல் நாள். பின்னர் புகுந்தால் மறுநாள். பூமி சூரியனுக்கு அருகில் விரைந்து செல்லும் காலமாதலால் மார்கழியும் தையும் 29 அல்லது 30 நாட்களோடு முடிந்துவிடும். எதிர்ப்புறத்தில் மெல்ல நகரும் காலத்தில் ஆனி 32 நாள் வரை நீளும். 2025-இல் ஆனி ஜூன் 15 முதல் ஜூலை 16 வரை 32 நாள். 2026-இல் தை, ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை 29 நாள்தான்.

சித்திரை முதல் நாள், ஆடி முதல் நாள், ஆடி 18, தைப் பொங்கல், மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் நோற்கும் காரடையான் நோன்பு ஆகியவை இந்த வகை. இவற்றுக்குத் திதியும் பார்க்க வேண்டாம், நட்சத்திரமும் பார்க்க வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் முதலில் இவற்றை எழுதி, பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் குறித்துவிடுங்கள்.

எங்கள் கரையில் சித்திரை முதல் நாளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. புத்தாண்டுக்கு மறுநாளே தொடங்கிவிடுகிறது. விசைப்படகில் போகும் குடும்பங்களில் காதுகுத்து, முடியிறக்கு, குலதெய்வப் பொங்கல் ஆகியவற்றைப் பெரும்பாலும் சித்திரை, வைகாசியிலேயே வைத்துக்கொள்வதன் காரணத்தைப் பஞ்சாங்கத்தில் தேடினால் கிடைக்காது. ஆள் கரையில் இருக்கும் மாதங்கள் அவை. ஆடிப்பெருக்கை மட்டும் காவிரிக்கரை அளவுக்கு இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கும் ஆறு. ஆடியில் அது பெருகி வந்து பார்ப்பது அரிது.

மூன்றாவது வேலை: திதியும் வேளையும்

தவறுகள் பெரும்பாலும் நிகழும் இடம் இதுதான். ஆகவே இங்கே சற்று நிதானமாகப் போவோம்.

சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இராததால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் நீடிக்கும். நாளோ எப்போதும் 24 மணி நேரம். எனவே ஒரு திதி நடுப்பகலில் பிறந்து மறுநாள் நடுப்பகலில் முடிவதும், இரண்டு உதயங்களைத் தொடுவதும், ஓர் உதயத்தையும் தொடாமலே கழிந்துபோவதும் இயல்பு. காலண்டரின் கட்டத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பொதுவாக உதயத்தில் உள்ள திதி. அதையே எல்லா விழாவுக்கும் வைத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி தவறிவிடும்.

ஒவ்வொரு திதி விழாவுக்கும் அதற்குரிய வேளை உண்டு. ஏகாதசிக்கு உதயம் முக்கியம். விநாயகர் சதுர்த்திக்கு நடுப்பகல். பிரதோஷத்திற்குச் சூரியன் மறையும் வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் எழும்போது தேய்பிறைச் சதுர்த்தி வேண்டும். சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி. தீபாவளிக்கு விடியுமுன் எண்ணெய்க் குளியல் நேரத்தில் தேய்பிறைச் சதுர்த்தசி. பித்ரு காரியங்களுக்குப் பிற்பகல்.

2026-ஐ வைத்துப் பார்ப்போம். திருக்கணிதப்படி பிப்ரவரி 15, ஞாயிறு மாலை 5 மணியளவில்தான் சதுர்த்தசி பிறந்து, திங்கள் மாலை 5.30 மணியளவில் முடிகிறது. ஞாயிறன்று கட்டத்தில் திரயோதசி, திங்களன்று சதுர்த்தசி. கட்டத்தை மட்டும் பார்ப்பவர் திங்கள் இரவு கண்விழிக்கலாம் என்று நினைப்பார். ஆனால் சதுர்த்தசி நிலவும் நள்ளிரவு ஞாயிற்றுக்கிழமையுடையது. ஆகவே மாசி 3, ஞாயிறே மகா சிவராத்திரி. அதே ஆண்டின் விநாயகர் சதுர்த்தியும் இப்படித்தான். செப்டம்பர் 14 காலை 7 மணிக்குச் சற்றுப் பின் பிறக்கும் சதுர்த்தி, 15 காலை 7.45-க்குள் முடிந்துவிடுகிறது. 15-இல் உதயம் இருந்தாலும் நடுப்பகல் இல்லை. எனவே பிள்ளையாருக்கு 14. தீபாவளியில் இது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: நவம்பர் 8 விடியலில் சதுர்த்தசி இருக்கிறது, முற்பகல் 11.30 வாக்கில் அமாவாசை பிறந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது விடியல் என்பதால் 8 அன்றே தீபாவளி.

நோட்டில் எழுதும்போது மூன்று பத்திகள் கட்டுங்கள். முதலில் விழாவின் பெயர், அடுத்து அதற்குரிய வேளை, அதன்பின் அந்த வேளையில் திதி நிலவும் தேதி. இரண்டாவது பத்தியை எழுதாமல் மூன்றாவதுக்குத் தாவாதீர்கள்.

நான்காவது வேலை: அமாவாசை

மாதம் ஒன்று வீதம் வரும் அமாவாசைகளில் ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்றுக்குத்தான் எங்கள் கரை நிரம்பி வழிகிறது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் ஆகிய மூன்று துறைகளிலும் விடியற்காலை மூன்று மணிக்கே வாகனங்கள் வந்து நின்றிருக்கும்.

தர்ப்பணத்துக்குரிய வேளையைக் கணக்கிடும் முறை இது. பகற்பொழுதை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அபராஹ்ணம். 6 மணி உதயம், 6 மணி அஸ்தமனம் என்று வைத்தால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த வேளையில் அமாவாசைத் திதி எந்த நாளில் இருக்கிறதோ அந்த நாளே தர்ப்பண நாள். என் அக்காள் மகன் கேட்டதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பிறக்கும் அமாவாசை, அடுத்துவரும் பகல் முழுவதும் இருக்கும். ஆகவே விடிந்த பின் வரும் நாளே அமாவாசை. இரவு பிறந்ததற்காக முதல் நாள் கிளம்ப வேண்டியதில்லை. காலண்டரில் “சர்வ அமாவாசை” என்று அச்சிட்டிருப்பது பொதுவாக எல்லோரும் கொள்ளும் நாள். சில மாதங்களில் அதற்கு முந்தைய கட்டத்தில் காணப்படும் “போதாயன அமாவாசை” போதாயன சூத்திரத்தைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு மட்டும் உரியது.

ஒரு தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை வந்துவிட்டால்? 2023-இல் வந்தது. ஆடி 1, அதாவது ஜூலை 17 ஓர் அமாவாசை. ஆடி 31, அதாவது ஆகஸ்ட் 16 மற்றோர் அமாவாசை. எங்கள் குடும்பத்தில் அந்த ஆண்டு நடந்த கூத்து மறக்க முடியாதது. பாதிப் பேர் ஆடி முதல் நாளே சேதுக்கரையில் முழுகிவிட்டு, திருப்புல்லாணியில் ஆதி ஜெகந்நாதரைச் சேவித்து, ஊருக்கும் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் மாதக் கடைசியில் வந்து இறங்கி, “நீங்கள் ஏன் வரவில்லை?” என்று சண்டைக்கு நின்றார்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டாவதையே ஆடி அமாவாசையாகக் கொண்டார்கள். மாதாமாதம் தர்ப்பணம் செய்பவருக்கு இரண்டும் அமாவாசைதான், இரண்டிலும் செய்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கரைக்கு வருபவர்தான் எது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தத் துறைக்குப் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்வதுதான் அறிவு. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தெற்குப் பார்த்த சேதுக்கரையில் அலை எழும்பும், தேவிபட்டினத்தில் கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி முதல் வாடைக்காற்று திரும்பியதும் நிலைமை தலைகீழாகிவிடும். எனவே வயதானவர்களை அழைத்துவருபவர்கள் ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்தையோ அக்னி தீர்த்தத்தையோ, தை அமாவாசைக்குச் சேதுக்கரையையோ நினைக்கலாம். சேதுக்கரைதான் வேண்டும் என்று ஆடியில் வந்தால், ஆஞ்சநேயர் கோயில் முன்னுள்ள படிகளுக்கு அப்பால் முழங்காலளவு நீருக்கு மேல் போகாமல் முழுகி எழுவது நல்லது. அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறி வற்றுவதும் மற்ற நாட்களைவிடக் கூடுதலாக இருக்கும். அக்னி தீர்த்தத்தில் காலையில் கடல் உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிவது அந்த நாட்களில் வழக்கமான காட்சி. அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பாறை வழுக்கும்.

ராமேஸ்வரத்தில் முறை இதுதான்: முதலில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, அதன்பின் தர்ப்பணம், அடுத்து கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள், பிறகு உடை மாற்றிக்கொண்டு ராமநாதசுவாமி, பர்வதவர்த்தினி அம்பாள் தரிசனம். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்று உடையைத் தீர்த்தங்களுக்குச் செல்லாத ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். அமாவாசையன்று இந்த வரிசை முழுவதையும் முடிக்க ஐந்து, ஆறு மணி நேரம்கூட ஆகலாம். சேதுவில் எந்த நாளும் நீராடலாம், நாள் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதை நினைவில் வைத்தால், சிறு குழந்தைகளை அமாவாசைக் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு வருவதைத் தவிர்த்து வேறொரு நாளில் அழைத்துவரலாம்.

ஆண்டுத் திதி தனிக் கணக்கு. இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி எது என்ற மூன்றும் வேண்டும். ஆங்கிலத் தேதி உதவாது. ஒரே மாதத்தில் அந்தத் திதி இருமுறை வந்தால் பிந்தியதைக் கொள்வது இங்குள்ள வழக்கம். இந்த விவரத்தை வீட்டுப் பெரியவர்கள் தலையில் மட்டும் வைத்திருப்பார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று தலைமுறைக்கும் எழுதிவைத்துவிடுங்கள்.

ஐந்தாவது வேலை: நட்சத்திர விழாக்கள்

சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம், தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம் என்று இவை பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே அமையும். அந்தந்த மாதத்து முழுநிலவு அந்தந்த நட்சத்திரத்தின் அருகில் நிற்பதுதான் காரணம். சாயல்குடிக்கு அருகே மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் சித்திரா பௌர்ணமியை ஒட்டிச் சிவபெருமான் வலை வீசிச் சுறாவை அடக்கிய திருவிளையாடலைக் கடற்கரையிலேயே நடத்துவார்கள். பரமக்குடியில் அதே பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்குவார். ஒரே இரவில் இரண்டையும் பார்க்க நினைத்து ஓடியவர்களுக்கு இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கிறது.

இந்த வகையில் நம் மாவட்டத்துக்கு உயிரான நாள் மார்கழித் திருவாதிரை. உத்திரகோசமங்கையில் மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி அந்தச் சந்தனம் களையப்படுகிறது. திருமேனியின் பச்சையைப் பார்க்க முடிவது அப்போது மட்டுந்தான். அபிஷேகங்கள் இரவு முழுவதும் நடந்து, அருணோதயத்தில் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள். ஆகவே திருவாதிரை என்று காலண்டரில் இருக்கும் நாளின் காலையில் நிதானமாகப் புறப்பட்டுப் போனால், சந்தனம் பூசிய நடராஜரைத்தான் காண்பீர்கள். முந்தைய நாளே போய் வரிசையில் நிற்க வேண்டும். களைந்த சந்தனத்தைப் பொட்டலமாகத் தருவார்கள். அதைத் தண்ணீரில் கரைக்காமல் உலர்ந்தபடியே வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பகுதியில் ஏராளம். மற்றச் சிவாலயங்களில் விலக்கப்பட்ட தாழம்பூ இங்கே இறைவனுக்குச் சாத்தப்படுவதையும் கவனியுங்கள்.

திருவாதிரையைக் குறிக்கும்போது ஆங்கில ஆண்டை நம்பக் கூடாது. 2025-இல் அது ஜனவரி 13 அன்று, பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வரவேயில்லை. 2026-இல் ஜனவரி 3 அன்று ஒருமுறை, டிசம்பர் இறுதியில் மற்றொரு முறை. அதேபோல 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு வைகுண்ட ஏகாதசிகள். நம் நோட்டைச் சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடித்தால் இந்தக் குழப்பமே எழாது.

ஆறாவது வேலை: கிழமைகள்

ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, கார்த்திகைச் சோமவாரம், தை வெள்ளி. மாதத்தின் எல்லைகள் தெரிந்தால் எண்ணிக் குறித்துவிடலாம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது முளைப்பாரியைப் பற்றித்தான். ராமநாதபுரத்துக் கிராமங்களில் முளைக்கொட்டுத் திருவிழாவுக்கு நாளைப் பின்னாலிருந்து முன்னால் எண்ண வேண்டும். பாரி எடுத்து ஊருணியிலோ கண்மாயிலோ கரைக்கும் நாளை ஊர்க்கூட்டத்தில் முதலில் முடிவு செய்வார்கள். அதிலிருந்து எட்டு அல்லது ஒன்பது நாள் முன்னதாக, பெரும்பாலும் செவ்வாயன்று, காப்புக் கட்டி முத்து விதைப்பார்கள். உடைந்த பானையின் அடிப்பகுதியான ஓட்டில் வைக்கோலைப் பரப்பி, காய்ந்த எருவைத் தூளாக்கிக் கொட்டி, முதல் நாள் ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம் முதலியவற்றைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். தண்ணீரை ஊற்றுவதில்லை, கையால் தெளிப்பார்கள். இருட்டில் வளர்வதால் முளை பச்சையாகாமல் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு முழம் வரை நீண்டு நிற்கும். எட்டு, ஒன்பது நாளுக்குமேல் தாமதித்தால் முளை சாயத் தொடங்கிவிடும். ஆகவே நாளைத் தள்ளிப்போடும் பேச்சுக்கே இடமில்லை. விடுப்பு எடுத்து ஊருக்கு வருபவர்கள் பாரி எடுக்கும் நாளை மட்டுமன்றி, விதைக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். விரதம் தொடங்குவது அன்றுதான், அசைவம் நிற்பதும் அன்றுதான்.

ஏழாவது வேலை: நல்ல நேரத்தை நம் ஊர் உதயத்துக்குத் திருத்துதல்

ராகு காலம் திங்கள் 7.30–9, சனி 9–10.30, வெள்ளி 10.30–12, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, செவ்வாய் 3–4.30, ஞாயிறு 4.30–6. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இந்த நேரங்கள் 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் பகலை எட்டாகப் பிரித்தவை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, ராமேஸ்வரமோ 79.3 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 13 நிமிடம் நாம் பின்தங்கியிருக்கிறோம். இதோடு பருவத்தின் வேறுபாடும் சேர, தை அமாவாசை சமயத்தில் இங்கே உதயம் 6.34 வாக்கிலும் அஸ்தமனம் 6.12 வாக்கிலும் நிகழ்கின்றன. அன்றைய பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு சுமார் 1 மணி 27 நிமிடம். ஞாயிறு என்றால் ராகு காலம் மாலை 4.45 முதல் 6.12 வரை. அபராஹ்ணமும் அதே வகையில் பிற்பகல் 1.33-லிருந்து 3.52 வரைக்குத் தள்ளிப்போகிறது.

அச்சிட்ட நேரத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தாலி கட்டும் நேரம் ராகு காலத்தின் விளிம்பில் ஐந்து நிமிடத்தில் நிற்கிறது என்றால், அன்று உள்ளூர் உதயத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். மற்றபடி காலண்டர் நேரம் போதும். கரிநாளைக் கண்டும் பதற வேண்டாம். தை 1, 2, 3 மூன்றுமே கரிநாள்தான். பொங்கல் வைப்பதை யாரும் நிறுத்தியதில்லை. புதிய காரியம் தொடங்குவதற்குத்தான் அந்த விலக்கு.

கிரகணத்துக்கு ஒரே விதி: நம் ஊரில் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அனுஷ்டானம். 2026 மார்ச் 3 சந்திர கிரகணம் சந்திரன் எழும்போதே முடியும் தறுவாயில் இருந்தது, மாலை 6.47-க்கு விலகிவிட்டது. கொஞ்ச நேரமானாலும் தெரியும் என்பதால் கணக்கில் சேர்ந்தது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளைக் குறித்துப் பார்ப்போம்: 2026 ஆடி அமாவாசை. ஆடி முதல் நாள் ஜூலை 17. அந்த மாதத்தில் ஓர் அமாவாசைதான், இரட்டை இல்லை. திருக்கணிதப்படி ஆகஸ்ட் 12 பின்னிரவு 2 மணிக்குச் சற்று முன் பிறந்து, அன்றிரவு 11 மணியளவில் முடிகிறது. அபராஹ்ணம் முழுவதும் அமாவாசை உண்டு. ஆகவே ஆடி 27, புதன்கிழமை. அன்று ஒரு முழுச் சூரிய கிரகணமும் இருக்கிறது, ஆனால் இந்தியாவில் தெரியாது. அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதன்கிழமை வடக்கே சூலம், அதாவது அந்தத் திசையில் பயணம் ஆகாது; பரிகாரம் பால். ராமநாதபுரத்திலிருந்து சேதுக்கரை தெற்கே, தேவிபட்டினம் வடக்கே. தேவிபட்டினம் போகிறவர்கள் ஒரு வாய் பால் குடித்துவிட்டுக் கிளம்பட்டும். கச்சான் அடிக்கும் மாதம் என்பதால் பெரியவர்களுக்குத் தேவிபட்டினமே நல்லது. எள், தர்ப்பை, பச்சரிசி மாவு, வாழையிலை ஆகியவற்றை முதல் நாளே ராமநாதபுரத்தில் வாங்கிவிடுங்கள்; கரையில் விலை இரட்டிப்பாக இருக்கும். கட்டிக்கொள்ள ஒன்று, மாற்ற ஒன்று என வேட்டி இரண்டு எடுத்துவையுங்கள். கடலில் விட்டுவிட்டுப் போவதற்கென்று மூன்றாவதாக ஒரு பழைய துணியைக் கொண்டுவர வேண்டாம். மறுநாள் அதை வாரி அள்ளுபவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள்.